ஒரே லைன், இரண்டு போனஸ்: கான்ட்ராக்ட்காரர்களுக்கு எதெல்லாம் உண்டு?

19.10.2022 (கேள்வி)

ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் மூன்று வருடமாக கான்ட்ராக்ட்டில் இருக்கிறேன். பர்மனென்ட் அண்ணன்களுக்குப் போன வாரமே தீபாவளி போனஸ் அக்கவுண்ட்டில் ஏறிவிட்டது. எங்களுக்கு ஆளுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ். கேட்டால் "உங்க கான்ட்ராக்டரைக் கேளுங்க" என்கிறார்கள். கான்ட்ராக்டரைக் கேட்டால் "கம்பெனி குடுத்தா நான் குடுக்குறேன்" என்கிறார். செய்வது ஒரே லைனில் ஒரே வேலை. போனஸ் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறதா, இல்லையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

19.10.2022, இரவு

இருக்கிறது தம்பி. 1965ஆம் வருட போனஸ் சட்டத்தில் பர்மனென்ட், கான்ட்ராக்ட் என்ற பிரிவே கிடையாது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, அந்தக் கணக்கு வருடத்தில் 30 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். அப்ரெண்டிஸுக்கு மட்டும் விலக்கு. குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. கான்ட்ராக்டருக்கு நஷ்டமே என்றாலும் 8.33 கொடுத்தாக வேண்டும்.

கணக்கு 7,000 ரூபாய் சம்பளத்தின் மேல், அல்லது அந்த வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியின் மேல், எது கூடுதலோ அது. வெறும் 7,000 என்று வைத்தாலும் முழு வருடம் வேலை பார்த்தவருக்கு ஏறக்குறைய 7,000 ரூபாய் வர வேண்டும். மார்ச்சில் கணக்கு முடிக்கும் நிறுவனம் நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும். அதனால் தீபாவளி போய்விட்டாலும் விட்டுவிடாதீர்கள்.

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் (வருகைப் பதிவு பார்க்கும் இடம்) வருடக்கணக்காக வேலை பார்த்தவன். இப்போது ஓய்வு. அங்கே பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

20.10.2022

விட்டுப்போன ஒன்று. தனியாகப் போய்க் கேட்காதீர்கள். ஒரே கான்ட்ராக்டரிடம் இருக்கும் எல்லாரும் சேர்ந்து ஒரே மனுவாக எழுதி, கான்ட்ராக்டருக்கு ஒரு பிரதி, கம்பெனி பர்சனல் டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு பிரதி, இரண்டும் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். நேரில் கையில் கொடுத்த மனு மேஜை டிராயருக்குள் போய்விடும்.

23.10.2022

"கான்ட்ராக்டர் போன வருடம்தான் புதுப் பெயரில் கம்பெனி ஆரம்பித்தாராம், ஐந்து வருடத்துக்குப் போனஸ் கிடையாதாம்" என்று தம்பி எழுதியிருக்கிறார். இந்த வசனத்தை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். புதிதாகத் தொடங்கிய நிறுவனத்துக்கு முதல் ஐந்து வருடம், லாபம் வந்த வருடத்துக்கு மட்டும் போனஸ் கொடுத்தால் போதும் என்று சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் பெயர் மாறியது, முதலாளி மாறியது, இடம் மாறியது, நிர்வாகம் மாறியது என்பதற்காக மட்டும் அதைப் புது நிறுவனமாகக் கருதக் கூடாது என்று அதே பிரிவின் விளக்கத்தில் இருக்கிறது. அந்த விளக்கத்தை மட்டும் யாரும் உங்களிடம் படித்துக் காட்ட மாட்டார்கள்.

எங்கள் பிளான்ட்டில் கிரைண்டிங்கில் ஒரு பெரியவர் இருந்தார். அதே மெஷின், அதே ஷிப்ட். கேட் பாஸில் கான்ட்ராக்டர் பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். "இந்தக் கம்பெனியில கான்ட்ராக்டர்தான் டெம்பரரி, நான் பர்மனென்ட்" என்பார். டைம் ஆபீஸே சிரிக்கும். சிரித்து முடித்த பிறகு யாருக்கும் பேச்சு வராது.

30.10.2022

போனஸில் தொடங்கிய பேச்சு கேன்டீனுக்கு வந்துவிட்டது. நல்லதுதான், எனக்கும் அதைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. சிலர் "சமத்துவம் வேண்டும்" என்று மொத்தமாக எழுதுகிறார்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் மொத்தமாகக் கேட்டால் மொத்தமாக "இல்லை" என்று பதில் வரும். ஒவ்வொரு சலுகையாகப் பிரித்து, இது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

சில, சட்டத்திலிருந்தே வருகின்றன. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), குறைந்தபட்ச போனஸ், சம்பளத்தோடு கூடிய விடுப்பு, பண்டிகை விடுமுறை, கேன்டீன் எல்லாம் அந்த வகை. தொழிற்சாலைகள் சட்டத்தில் "தொழிலாளி" என்பதற்கான விளக்கத்திலேயே கான்ட்ராக்டர் மூலம் வந்தவரும் அடக்கம். 250 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீன் என்கிறது 46ஆவது பிரிவு. அந்த 250இல் நீங்களும் ஒரு தலை. உங்களையும் எண்ணித்தான் கேன்டீன் வருகிறது, பிறகு உங்களுக்கு மட்டும் வேறு டோக்கன், வேறு வரிசை, வேறு விலை என்றால் அது எந்த ஊர் நியாயம்?

வேறு சில, சங்கம் போட்ட ஒப்பந்தத்திலிருந்து வருகின்றன. 20 சதவீத போனஸ், எக்ஸ்கிரேஷியா (போனஸுக்கு மேல் தரும் தொகை), பண்டிகை முன்பணம், குடும்பத்துக்கு மெடிக்கல் பாலிசி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி. தொழில் தகராறு சட்டத்தின்படி, தொழிலாளர் அதிகாரி முன்னால் கையெழுத்தாகும் 12(3) ஒப்பந்தம் அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளர்களையும் கட்டும், சங்கத்தில் சேராதவரையும் சேர்த்து. 18(1)இல் போட்டால் கையெழுத்துப் போட்ட தரப்புகளுக்கு மட்டும். கான்ட்ராக்ட்காரர்களை "நீ இந்த நிறுவனத்தின் ஆளே இல்லை" என்று வெளியே நிறுத்துவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது வகை எழுத்தில் எங்கும் இராது. பஸ்ஸில் முன் சீட், குளிர்ந்த தண்ணீர் வரும் குழாய், ஓய்வு அறை ஃபேன், சட்டை நிறம். பர்மனென்ட்டுக்கு நீலம், கான்ட்ராக்ட்டுக்குச் சாம்பல், டிரெய்னிக்கு மஞ்சள் என்று ஒரு பிளான்ட்டில் பார்த்தேன். பஸ் ஏறும்போதே யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்பதைச் சட்டை சொல்லிவிடும். மனிதனை மிகவும் வலிக்கச் செய்வது இந்த மூன்றாவது வகை. சட்டத்தில் பிடிமானம் குறைவாக இருப்பதும் இதற்குத்தான். ஆனால் கேட்டால் சீக்கிரம் கிடைப்பதும் இதுவே. ஒரு தீபாவளிக்கு முன்னால் இரு தரப்பும் சேர்ந்து கேட்டதில் எங்கள் பஸ்ஸில் சீட் பிரிவு ஒரே நாளில் போனது.

2.11.2022

"ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதே, பிறகு என்ன?" என்று ஒருவர் கேட்கிறார். 2016இல் பஞ்சாப் அரசு வழக்கில் வந்த தீர்ப்பு அது. அரசின் தற்காலிக ஊழியர்களைப் பற்றியது. தனியார் தொழிற்சாலை கான்ட்ராக்ட்டில் நீங்கள் முதலில் பிடிக்க வேண்டியது ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்த விதிகளை. நிறுவனம் நேரடியாக எடுத்த ஆள் செய்யும் அதே வேலையை, அல்லது அதைப் போன்ற வேலையைக் கான்ட்ராக்ட் ஆள் செய்தால் கூலி, விடுமுறை, வேலை நேரம், மற்ற நிபந்தனைகள் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது கான்ட்ராக்டரின் உரிமத்திலேயே ஒரு நிபந்தனை.

இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் நடக்கவில்லை? ரிஜிஸ்டரைப் பாருங்கள். சி.என்.சி. (கம்ப்யூட்டரில் ஓடும்) மெஷின் ஓட்டுகிற பையனின் பெயருக்கு எதிரே "ஹெல்பர்" என்று இருக்கும். "ஹவுஸ்கீப்பிங்" என்றுகூட இருக்கும். காகிதத்தில் அவன் தரை கூட்டுகிறான், லைனில் அவன் ஒரு ஷிப்ட்டின் உற்பத்தியைத் தூக்கி நிறுத்துகிறான். அதனால் "என் பெயருக்கு எதிரே என்ன வேலை எழுதியிருக்கிறது" என்பதைத்தான் முதலில் கேளுங்கள். வேலை ஒதுக்கீட்டு ஷீட், புரொடக்‌ஷன் ஷீட்டில் உங்கள் பெயர், பயிற்சிச் சான்று, மெஷினில் லாகின் எண், எது கிடைத்தாலும் அதுதான் உங்கள் சாட்சி.

6.11.2022

இ.எஸ்.ஐ. பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், மன்னியுங்கள்.

பவர் பிரஸ்ஸில் ஒரு பையனுக்கு விரல்கள் போயின. ஒடிசாவிலிருந்து வந்தவன், வேலைக்குச் சேர்ந்து சில வாரம்தான். காலை ஷிப்ட்டில் விபத்து. மத்தியானம் கான்ட்ராக்டரின் ஆள் ஒருவர் அவனுடைய ஆதாரைத் தேடிக்கொண்டு அலைகிறார். எதற்கு என்றால், இ.எஸ்.ஐ.யில் அன்றைக்குத்தான் பெயர் பதிய. ஆஸ்பத்திரியில் அந்தப் பையன் கையைத் தூக்கிப் பிடித்தபடி "சார், வேலை போயிடுமா?" என்று இந்தியிலும் அரைகுறைத் தமிழிலும் மாற்றி மாற்றிக் கேட்டான். விரலைப் பற்றி அவன் கேட்கவே இல்லை.

இந்த விஷயம் எல்லாருக்கும் தெரிய வேண்டும். வேலையில் நடந்த விபத்துக்கான பலனுக்கு இத்தனை நாள் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே உண்டு. குணமாகும் வரை சம்பளத்தில் 90 சதவீதம். நிரந்தர ஊனம் என்றால் மெடிக்கல் போர்டு சொல்லும் இழப்பு விகிதத்துக்கு ஏற்ப ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம். கான்ட்ராக்டர் பணம் கட்டவில்லை என்றால் இ.எஸ்.ஐ. சட்டத்தின் 40ஆவது பிரிவின்படி முதலில் கட்ட வேண்டியது பிளான்ட்டின் முதலாளிதான், பிறகு அவர் கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். பணம் கட்டாததால் உங்களுக்குப் பலன் போனால், 68ஆவது பிரிவின்படி இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் உங்களுக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கலாம். பி.எஃப்.இலும் இதே ஏற்பாடுதான். கான்ட்ராக்ட் ஆளின் பங்கு, கான்ட்ராக்டரின் பங்கு இரண்டுக்கும் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவர், அதாவது பிளான்ட்டின் முதலாளி.

நோய்க்கான பலன் வேறு மாதிரி. சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை. அதற்கு ஆறு மாதக் கணக்கில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். கணக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று போகும். கான்ட்ராக்டர் நடுவில் மாறி, பத்து இருபது நாள் "பிரேக்" விட்டு, புது ஆள் புது இன்சூரன்ஸ் எண் போட்டால் இரண்டு எண்ணிலும் 78 எட்டாமல் போகும். வேலை பார்த்தது என்னவோ ஆறு மாதமும்தான். இன்சூரன்ஸ் எண் வாழ்நாளுக்கு ஒன்றே. புது கான்ட்ராக்டரிடம் பழைய எண்ணைக் கொடுங்கள், அதிலேயே தொடரச் சொல்லுங்கள். பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணுக்கும் இதுவே.

7.11.2022

நேற்று எழுதியதை மறுபடி படித்தபோது தோன்றியது. எல்லா வித்தியாசமும் பர்மனென்ட்டுக்குச் சாதகம் என்று எண்ண வேண்டாம். சம்பளம் 21,000ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ. போய்விடும் (நடந்துகொண்டிருக்கும் ஆறு மாதக் கணக்கு முடியும் வரை இருக்கும்). பிறகு கம்பெனி பாலிசிதான், அதற்கு ஒரு தொகை வரம்பு உண்டு. இ.எஸ்.ஐ. சிகிச்சைக்கு அப்படி வரம்பு இல்லை. சிறுநீரகம் கெட்ட ஒரு பர்மனென்ட் தோழர், பாலிசித் தொகை தீர்ந்தபிறகு கடன் வாங்கிய கதையை நான் கூடவே இருந்து பார்த்தேன். அதே நோயில் கான்ட்ராக்ட் பையன் ஒருவன் கே.கே.நகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்தான். வரிசை, அலைச்சல், மருந்து இல்லை என்ற பேச்சு எல்லாம் உண்டு. ஆனால் வீடு அடமானத்துக்குப் போகவில்லை. எனவே அந்தக் கார்டை அலட்சியமாக நினைக்காதீர்கள்.

12.11.2022

"240 நாள் வேலை பார்த்தால் பர்மனென்ட்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். திருத்திவிடுகிறேன், இந்த நம்பிக்கையால் ஏமாந்தவர்கள் நிறைய. வருடத்தில் 240 நாள் என்பது தொழிற்சாலைச் சட்டத்தில் சம்பள விடுப்புக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம். தொழில் தகராறு சட்டத்தில் ஆட்குறைப்பு நோட்டீஸ், இழப்பீட்டுக்கு. கிராஜுவிட்டிக்கு (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) வருடத்தை எண்ணவும் அதே 240. நிரந்தரத்துக்குத் தமிழ்நாட்டுக்கென்றே 1981இல் ஒரு சட்டம் வந்தது. 24 மாதத்தில் 480 நாள். அப்ரெண்டிஸ் நாட்கள் அதில் சேராது.

480ஐ எட்டவிடாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே கணக்கு வைத்திருப்பார்கள். 450, 460 வரும்போது "ஊருக்குப் போயிட்டு வா" என்பார்கள். உங்கள் கணக்கை நீங்களும் வைத்திருங்கள். சின்ன டைரி போதும். எந்தத் தேதி, எந்த ஷிப்ட், எந்த மெஷின்.

4.12.2022

தம்பியிடமிருந்து சேதி. எல்லாரும் கையெழுத்துப் போட்ட மனு போனது. ஸ்ரீபெரும்புதூரில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறைக்கும் (நாம் எல்லாரும் ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ் என்று சொல்வதுதான்) ஒரு பிரதி போனது. நவம்பர் கடைசியில் 8.33 சதவீதம் அக்கவுண்ட்டில் விழுந்திருக்கிறது. பர்மனென்ட்டுக்கு 20. பள்ளம் அப்படியே இருக்கிறது, ஆனால் "உனக்கு இல்லை" என்ற பேச்சு இனி அந்த பிளான்ட்டில் எடுபடாது. மனுவை எழுதிக் கொடுத்தது ஒரு பர்மனென்ட் தோழர் என்றும் எழுதியிருக்கிறார். அதைப் படித்து ரொம்ப சந்தோஷப்பட்டேன்.

11.12.2022

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடர்கிறேன். சங்கங்கள் மேல் எனக்குப் பல நாள் கோபம் இருந்தது. கான்ட்ராக்ட் ஆட்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத ஒப்பந்தங்கள் பல பார்த்திருக்கிறேன். ஆனால் பேச்சுவார்த்தை அறையில் நடப்பதை நினைத்துப் பார்க்கும்போது அந்தக் கோபம் வேறு இடத்துக்குத் திரும்புகிறது. சங்கம் சம்பள உயர்வு கேட்டால், "இந்த ரேட்டுக்கு வெளியே எத்தனை பேர் நிற்கிறாங்க தெரியுமா?" என்று நிர்வாகம் கான்ட்ராக்ட் ஆட்களைத்தான் காட்டும். பர்மனென்ட்காரரின் பயம் கற்பனை இல்லை. ஒருவர் ஓய்வு பெறும்போது அந்த இடத்தில் பர்மனென்ட் ஆள் வருவதே இல்லை.

ஆனால் அந்தப் பயத்துக்குக் கதவை மூடுவது மருந்தாகாது. கான்ட்ராக்ட் ஆள் மலிவாக இருக்கும்வரைதான் பர்மனென்ட் ஆளுக்கு ஆபத்து. அவனுக்கும் அதே போனஸ், அதே விடுப்பு, அதே பி.எஃப். என்றால் அவனை வைத்து இவரைப் பயமுறுத்த முடியாது. அடுத்த 12(3) பேச்சுவார்த்தைக்குப் போகும் சங்கங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். கோரிக்கைப் பட்டியலில் கான்ட்ராக்ட் தோழர்களுக்கான கோரிக்கையையும் சேருங்கள், முதல் பக்கத்திலேயே சேருங்கள். கடைசிப் பக்கத்தில் இருப்பதைத்தான் முதலில் விட்டுக் கொடுப்போம்.

2001இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம், கான்ட்ராக்ட் முறையை ஒழித்தாலும் அந்த ஆட்கள் தானாக நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று சொல்லிவிட்டது. அதனால் கோர்ட்டை மட்டும் நம்பிக் காத்திருக்க முடியாது. மின்வாரிய ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு, யாரை நிரந்தரமாக்கலாம் என்று பார்த்த நீதிபதி காலித் குழு வந்ததற்குப் பின்னாலும் பல வருடப் போராட்டம் இருந்தது.

14.1.2023

பொங்கல் நேரத்துக் குறிப்பு. "லீவு விட்டாச்சு, ஆனா சம்பளம் இல்ல" என்று சொல்லும் கான்ட்ராக்டர்களுக்கு: 1958ஆம் வருடத் தமிழ்நாட்டு விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அதோடு ஐந்து பண்டிகை நாள், ஆக ஒன்பது நாளும் சம்பளத்தோடு. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய கூலியோடு வேறொரு நாள் சம்பள லீவு. எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து.

9.3.2023

தங்கச்சி ஒருவர் தனியாக எழுதினார். ஐந்தாம் மாதம். "உடம்பப் பாத்துக்கம்மா, குழந்த பொறந்தப்புறம் வா" என்று அன்பாகச் சொல்லி நிறுத்திவிட்டார்களாம். பர்மனென்ட் பெண்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, தங்கச்சிக்கு அன்பான வார்த்தை. அம்மா, உங்கள் பெயரில் இ.எஸ்.ஐ. இருக்கிறது. அதற்கு முந்தைய இரண்டு கணக்குக் காலத்தில் 70 நாள் பணம் கட்டியிருந்தால் 26 வார முழுச் சம்பளமும் இ.எஸ்.ஐ.யே தரும், கான்ட்ராக்டர் பையிலிருந்து போவதில்லை. தினக்கூலிப் பெண்களுக்கும் பேறுகாலப் பலன் உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் 2000ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்களாக ராஜினாமாக் கடிதம் மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்தும் வேண்டாம். இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குக் கணவரையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு போங்கள், நானும் வருகிறேன்.

1.5.2023

ஏப்ரல் 21 அன்று சட்டசபையில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதா திரும்பப் பெறப்பட்டது என்று இன்று முதல்வர் அறிவித்துவிட்டார். சென்னையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடி இன்றோடு நூறு வருடம். இந்த இழையில் எழுதுகிற எல்லாருக்கும் வாழ்த்து. மே 1 சம்பளத்தோடு கூடிய விடுமுறை, கான்ட்ராக்ட் தோழர்களே, ஸ்லிப்பில் பாருங்கள்.

3.12.2025

பழைய இழையைத் தேடி இன்னும் ஆட்கள் வருகிறார்கள் என்பதால் எழுதுகிறேன். நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் நடைமுறைக்கு வந்துவிட்டன. மேலே நான் சொன்ன மத்தியச் சட்டங்களின் பெயரும் பிரிவு எண்களும் இனி அப்படியே பொருந்தாது, படிக்கும்போது தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கான்ட்ராக்ட்காரர்கள் கவனிக்க வேண்டியவை சில. கேன்டீன் இப்போது 100 பேருக்கே, அந்த எண்ணிக்கையில் கான்ட்ராக்ட் ஆட்களும் அடக்கம் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். கேன்டீன், ஓய்வறை போன்ற வசதிகளைக் கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் முதன்மை வேலையளிப்பவரே நேரடியாகச் செய்து தர வேண்டும். "உங்க கான்ட்ராக்டரைக் கேளு" என்ற பதில் அதில் செல்லாது. எல்லாருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும். குறித்த கால வேலையில் எடுத்தவருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உண்டு. ஆனால் குறித்த காலம் என்பதும் கான்ட்ராக்ட் என்பதும் வேறு வேறு, உங்கள் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

எனக்குக் கவலை தருவது ஒன்று. ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய சட்டம் முன்பு 20 பேர் இருந்தாலே பொருந்தியது, இப்போது அது 50 ஆகிவிட்டது. 49 பேர் வீதம் பிரித்துப் பல கான்ட்ராக்டர்களைக் கொண்டுவரும் வேலை நடக்கும். உங்கள் லைனில் திடீரென்று இரண்டு மூன்று கான்ட்ராக்டர் பெயர் முளைத்தால் இங்கே எழுதுங்கள், எந்த மாதத்திலிருந்து, எத்தனை பேர் என்ற விவரத்தோடு. 2022இல் கேள்வி கேட்ட தம்பி இப்போது அந்த பிளான்ட்டில் இல்லை, வேறிடத்தில் சங்கப் பொறுப்பில் இருக்கிறார். அவரும் இந்த விவரங்களைச் சேகரிக்கிறார்.